உயிர் பெற்ற தடமும் ஊர் விட்ட அயலாரும்

ஒரு நன்மையைச் செய்கிறோம். அந்நன்மை யாருக்கென்று எண்ணித் தொடங்கப்பட்டதோ, அவர்களே அதன் விளைவாக அவ்விடத்தை விட்டு அகல நேரிடுகிறது. அவர்கள் அகன்ற பின்னும் நாம் கட்டியது அழகாகவே நிற்கிறது. காண்போர் புகழவும் செய்கின்றனர். இந்நிலையில் நாம் செய்ததை நன்மை என்றே அழைக்கலாமா? பாதி நன்மை என்பதா? பாதி நன்மை என்று ஒன்று உண்டாயின், மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு?

அறநூல் கற்போர் தம்முள் வாதிடுவதற்கென்று புனைந்த வினா இது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. நம் காலத்துப் பெருநகரங்கள் பலவற்றில் நடந்து வரும் ஒரு பணியிலிருந்தே இவ்வினா எழுகிறது. ஓட்டம் நின்றுபோன இரயில் தடங்களையும் அவற்றின் மேம்பாலங்களையும் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பாதைகளாக மாற்றியமைக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அப்பணியின் சிறப்பையும், அதனைத் தொடர்ந்து வரும் துயரையும், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரத்துப் பாதையொன்றைச் சான்றாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

தடத்தின் வரலாறு

சிகாகோ நகரின் வடமேற்குப் பகுதியில் புளூமிங்டேல் என்னும் தெருவை ஒட்டி 1870களில் ஓர் இரயில் தடம் அமைந்தது. ஆலைகளுக்கு வேண்டிய மூலப்பொருள்களும் ஆலைகளில் விளைந்த சரக்குகளும் அவ்வழியே சென்றன. அந்நாளில் தண்டவாளங்கள் தெருமட்டத்திலேயே கிடந்தன. சிகாகோவில் இரயில்கள் மிகுதி. தெருவைக் கடப்போர் அவற்றில் அகப்பட்டு மாண்டு போவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. மக்களின் முறையீடு முற்றவே, தண்டவாளங்களைத் தெருமட்டத்திலிருந்து உயர்த்த வேண்டுமென்று 1893இல் நகர மன்றம் இரயில் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. புளூமிங்டேல் தடம் 1910களில் உயர்த்தப்பட்டது. இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, நடுவில் மண் நிரப்பி, குறுக்கிடும் தெருக்களுக்கு மேல் பாலங்கள் அமைத்து, அதன் மீது வண்டிகளை ஓடவிட்டனர்.

அச்சுவர் உயிர்களைக் காத்தது. அதே சுவர் ஊரை இரண்டாகப் பிளக்கவும் செய்தது. சுவரின் நிழலும், வண்டியின் இரைச்சலும், எஞ்சினின் புகையும் சூழ்ந்த இடத்தில் வசதி படைத்தோர் குடியேற விரும்புவதில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளரும், பிழைப்புத் தேடி வெளியிலிருந்து வந்தோருமே அதன் அயலாராயினர். குறைந்த வாடகைக்கு ஈடாக அவர்கள் அந்த இரைச்சலை ஏற்றுக்கொண்டனர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

காலம் மாறியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; எஞ்சிய சரக்கை லாரிகள் ஏற்றிச் சென்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடத்தில் வண்டி ஓடுவது நின்றுபோயிற்று. தண்டவாளத்தின் இடையே புல்லும் செடியும் முளைத்தன. வேலியில் விழுந்த ஓட்டைகள் வழியே சிறுவர்களும் உலாவ விரும்பியோரும் மேலேறினர். நகரத்தின் ஏடுகளில் அது பயனற்ற இடம். அயலாருக்கோ, அனுமதி எழுதித் தரப்படாத ஒரு திறந்தவெளி.

இத்தகைய தடங்களை என் செய்வது என்னும் சிந்தனை அதே சிகாகோவின் புறநகரில்தான் 1963இல் வலுப்பெற்றது. மே வாட்ஸ் என்னும் இயற்கை அறிஞர், ஓட்டம் நின்றுபோன ஒரு மின்சார இரயில் தடத்தை மக்கள் நடக்கும் பாதையாக்கலாமே என்று சிகாகோ நாளிதழ் ஒன்றுக்கு மடல் எழுதினார். அதிலிருந்து இல்லினாய் பிரெய்ரி பாதை பிறந்தது. 1983இல் அந்நாட்டுச் சட்டமன்றம், கைவிடப்படும் தடங்களைத் துண்டு துண்டாகச் சிதறவிடாமல், பிற்காலத்து இரயில் தேவைக்கென்று ஒருசேரக் காத்து வைத்து, இடைக்காலத்தில் நடைபாதையாகப் பயன்படுத்த வகை செய்தது. பாரிஸ் நகரில் 1859 முதல் 1969 வரை வண்டி ஓடிய வின்சென் தடத்தின் மேம்பாலம் 1990களில் மரங்கள் சூழ்ந்த உலாவிடமாயிற்று. அதன் வளைவுகளுக்கு அடியில் கைவினைஞர்கள் கடை விரித்தனர். நியூயார்க்கில் 1980 வரை சரக்கு வண்டி ஓடிய உயரப் பாலம் 2009 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள பூங்காவாக விளங்குகிறது. ஹைலைன் எனப்படும் அதில் நடக்கலாம், மிதிவண்டிக்கு இடமில்லை.

புளூமிங்டேல் தடம் இரு சாராருக்கும் உரியதாக 2015 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. நீளம் 4.3 கிலோமீட்டர். செலவு 9 கோடியே 50 இலட்சம் டாலர். அதில் பாதிக்கு மேல் நடுவண் அரசின் போக்குவரத்து நிதி. நகரத்து அஞ்சல் குறியீடுகள் பெரும்பாலும் 606 என்னும் எண்ணில் தொடங்குவதால், அனைவருக்கும் பொதுவானது என்னும் கருத்தில் அப்பாதைக்கும் 606 என்றே பெயரிட்டனர்.

நன்மையின் அளவு

குறையைப் பேசுமுன் நிறையை நிறுத்துப் பார்ப்பது நீதி. தெருச் சந்திகளில் மோட்டார் வண்டிகளுக்கு அஞ்சாமல் ஒரு சிறுவன் தன் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்ல முடிகிறது. சக்கர நாற்காலியில் செல்வோரும் ஏறுமாறு சரிவுப் பாதைகள் உள்ளன. முதியோர் மாலையில் காலாற நடக்கின்றனர். முன்பு ஊரைப் பிளந்த சுவரே இப்பொழுது செல்வரின் பேட்டையையும் எளியோரின் பேட்டையையும் ஒரே வழியால் இணைக்கிறது. இத்தனைக்கும் புதிதாக ஒரு வீட்டையும் இடித்து நிலம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கிடந்த ஒன்றை வீணாக்காமல் பயன்படுத்திய சிக்கனமும் இதில் உண்டு.

வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நம் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவதற்கே அத்தகைய மதிப்பெனில், நடப்பவன் உயிருக்கு அஞ்சாமல் செல்ல 4 கிலோமீட்டர் வழியை அமைத்துத் தருவதை நாம் இலேசாக எண்ணலாகாது.

இன்னுமொன்று. இத்தடத்தைப் பாதையாக்கும் எண்ணம் செல்வரின் பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. லோகன் ஸ்கொயர் என்னும் பேட்டையில் குழந்தைகள் மிகுதி, பூங்காவோ குறைவு. அக்குறையைப் போக்க 2004இல் வகுக்கப்பட்ட திறந்தவெளித் திட்டத்தில் இத்தடம் முக்கிய இடம் பெற்றது. அயலாரின் குழந்தைகளை எண்ணியே பணி தொடங்கிற்று. எண்ணம் தூயதாக இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும். எண்ணம் தீயதாயிருந்தால் வினாவுக்கு விடை எளிது. தூய எண்ணத்திலிருந்து துயர் விளைந்தது எங்ஙனம் என்பதே கடினமானது.

விலை ஏறிய வகை

பாதையின் கிழக்குப் பகுதி முன்னரே செல்வர் வாழுமிடமாகிவிட்டது. மேற்குப் பகுதியில் ஹம்போல்ட் பார்க், லோகன் ஸ்கொயர் ஆகிய பேட்டைகள் உள்ளன. அங்கு போர்ட்டோரிக்கோ தீவிலிருந்தும் மெக்ஸிகோ முதலிய நாடுகளிலிருந்தும் வந்த உழைக்கும் மக்கள் பெருந்தொகையினர். அவர்களுள் போர்ட்டோரிக்கோ மக்கள் பலர், 1960களில் நகரப் புனரமைப்பின் பெயரால் லிங்கன் பார்க் என்னும் வட்டாரத்திலிருந்து ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்கள். மேற்கே நகர்ந்து, கடை வைத்து, கோயில் கட்டி, மீண்டும் ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள். இது எங்கள் இடம் என்பதற்கு அடையாளமாக டிவிஷன் தெருவின் குறுக்கே இரும்பினாலான இரு பெருங்கொடிகளை 1995இல் நாட்டினார்கள்.

இப்பேட்டைகளில் மரபான வீடு இரண்டு அல்லது மூன்று அடுக்குகள் கொண்டது. அடுக்குக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு வாழ்வர். உரிமையாளரே ஓர் அடுக்கில் இருப்பதும் உண்டு. பாதை வரப்போகிறது என்னும் செய்தி பரவியதும் பணமுள்ளோரின் பார்வை இங்குத் திரும்பியது. அடுக்கு வீட்டை விலைக்கு வாங்கி, குடியிருப்போரை வெளியேற்றி, இடித்துவிட்டு, அவ்விடத்தில் ஒரே குடும்பத்துக்கான மாளிகை எழுப்புவது ஆதாயமாயிற்று. மூன்று குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில் ஒரு குடும்பம். இடிபடாத வீடுகளின் மதிப்பும் உயர்ந்தது. மதிப்பு உயரவே சொத்து வரியும் உயர்ந்தது. வரி உயரவே வாடகையும் உயர்ந்தது. பணி தொடங்கிய 2013ஆம் ஆண்டுக்குப் பின் மூன்றாண்டுக்குள் பாதையின் மேற்குப் பகுதியில் வீட்டு விலை ஏறத்தாழ 48 விழுக்காடு உயர்ந்ததாக அந்நகரத்து டீபால் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு நிலையம் 2016இல் கணக்கிட்டது. கிழக்குப் பகுதியில் உயர்வு அதனினும் மிகக் குறைவு.

2016இல் அயலார் அப்பாதையின் மீதே ஊர்வலம் வந்தனர். பாதை வேண்டா என்பது அவர்களின் முழக்கமன்று. பாதையும் வேண்டும், அதன் அருகில் நாங்களும் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இரைச்சலும் புகையும் இருந்த காலத்தில் அயலாராய் இருந்தவர்கள், நிழலும் காற்றும் வந்த காலத்தில் அயலாராய் இருக்க முடியாமற் போனது. நாம் மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

வாதங்கள்

முதல் வாதம் இது: விலை ஏறுவது சந்தையின் இயல்பு. எவரும் எவரையும் வாளேந்தி விரட்டவில்லை. பொது நன்மைக்கு முன் சிலரின் இழப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் சட்ட அறிஞர்களே, பொதுத் தீங்கைத் தடுப்பதற்காகத் தனிப்பட்டோருக்கு நேரும் தீங்கைப் பொறுக்கலாம் என்னும் கருத்துடைய விதியை வகுத்திருக்கிறார்களே என்று கேட்போரும் இருக்கலாம்.

அவ்விதி உண்மையே. ஆனால் அதன் சொற்களை நிதானமாக நோக்க வேண்டும். அது பேசுவது தீங்கைத் தடுப்பதைப் பற்றி. இருப்பதற்கு மேல் அழகு சேர்ப்பதைப் பற்றியன்று. சாயப்போகும் சுவரை, உடையவன் மறுத்தாலும், வழிப்போக்கரின் உயிரைக் காக்க இடிக்கச் செய்யலாம். அதற்கும் உலாவிடம் அமைப்பதற்கும் தூரம் பெரிது. மேலும் அவ்விதிக்கு அருகிலேயே, ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்னும் கருத்துடைய விதியும் உண்டு. ஒரு குழந்தைக்குப் பூங்கா இல்லை என்னும் குறையைப் போக்கும் செயல், அதே குழந்தைக்கு வீடு இல்லை என்னும் குறையில் முடிந்தால், எந்தத் தீங்கு நீங்கிற்று?

வரலாற்றையும் பார்ப்போம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க முற்பட்டபொழுது, அதனை ஒட்டியிருந்த ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. விலைக்குத் தருக, அல்லது மாற்றிடம் பெறுக, அல்லது கொடையாக வழங்குக என்று கலீபா கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் மூன்றையும் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅபு (ரலி) அவர்களிடம் சென்றது. உடையவரின் விருப்பமின்றி எடுக்கலாகாது என்று அவர் தீர்ப்பளிக்க, இஸ்லாமியப் பேரரசின் தலைவர் அதற்குத் தலை வணங்கினார்கள். உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டைத் தாமே மனமுவந்து பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசலை விரிவாக்குவதினும் மேலான பொது நன்மை அன்றைய மதீனாவில் வேறென்ன இருந்திருக்கும்? அதற்காகவும் ஓர் அயலாரின் உரிமை மிதிக்கப்படவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு என்பதை மறைப்பது கல்விக்கு அழகன்று. மக்காவின் புனிதப் பள்ளியை விரிவாக்கியபொழுது, சுற்றியிருந்த வீடுகளை விற்க மறுத்தோரின் வீடுகளையும் அதே உமர் (ரலி) அவர்கள் அகற்றினார்கள். அவற்றின் விலையை அவரவர் வந்து பெற்றுக்கொள்ளுமாறு பாதுகாத்து வைத்தார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஓரிடத்தில் உடையவரின் மறுப்பு ஏற்கப்பட்டது; ஓரிடத்தில் ஏற்கப்படவில்லை. ஆனால் ஈரிடத்தும் அகல வேண்டியவர் கணக்கில் வந்தார். அவர் பெயர் கேட்கப்பட்டது. அவர் இழப்பு எண்ணப்பட்டது.

சிகாகோவின் வாடகைக் குடியிருப்பாளர் எந்தக் கணக்கில் வந்தார்? அமெரிக்காவின் கைவிடப்பட்ட தடங்கள் பலவற்றில், நிலம் தமக்கே திரும்பியிருக்க வேண்டும் என்று நிலவுடைமையாளர்கள் வழக்காடினர். 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மேலே சொன்ன 1983ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று கூறிற்று. இழப்பீடு கேட்கும் வாயிலும் அவர்களுக்குத் திறந்தேயிருந்தது. நிலமுடையவனுக்கு ஒரு வாயில் இருக்கிறது. முப்பதாண்டு ஒரே வீட்டில் வாடகை கொடுத்து வாழ்ந்து, பிள்ளைகளை அதே தெருப் பள்ளியில் படிக்க வைத்து, வாடகை ஏறியதால் மூட்டை கட்டியவனுக்கு எந்த வாயிலும் இல்லை. வாளால் விரட்டப்படவில்லை என்பது மெய். ஆயினும் அவன் பிள்ளைக்கு அவ்வேறுபாட்டால் யாது பயன்?

இரண்டாம் வாதம் இதற்கு நேர் எதிரானது. அழகு வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் ஏழை போவான். ஆகவே தடத்தைப் புதர் மண்ட விட்டுவிடுவதே ஏழைக்கு நல்லது என்பது அது. இரக்கம் போல் தோன்றும் இவ்வாதத்தில் பெரும் இழிவு ஒளிந்திருப்பதாக நாம் கருதுகிறோம். ஏழையின் வீட்டுக்கு வேலி அசிங்கம்தான் என்பது இதன் பொருள். நல்ல காற்றும், அச்சமற்ற வழியும், மரநிழலும் வந்துவிட்டால் அவன் வாழத் தகுதியற்றவனாகிறான் என்று ஒப்புக்கொள்வதாகும். ஊர்வலம் வந்த அயலாரே இவ்வாதத்தை ஏற்கவில்லை என்பதை முன்னரே கண்டோம்.

மூன்றாவது வாதம் உண்மையிலேயே தடுமாறச் செய்வது. அயலாரிலும் வீட்டுக்கு உடையவர்கள் உண்டு. வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரு சிறு வீட்டை வாங்கிய முதியவளுக்கு, இன்று அதற்குக் கிடைக்கும் உயர்ந்த விலை முதுமைக்கு உதவும் பெருஞ்செல்வம். அவள் விற்பதைத் தடுப்பது நீதியாகுமா? நீதியாகாது. அவளுடைய நன்மையும் அவளுடைய வீட்டு மாடியில் குடியிருப்பவரின் நன்மையும் இங்கு முரண்படுகின்றன. அம்முரணை எந்தச் சொல்லழகாலும் மறைக்க இயலாது. ஆகவே அவள்மீது பாரத்தைச் சுமத்தாமல் மாடியில் இருப்பவரைக் காக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

மவாத்தும் ஹரீமும்

ஃபிக்ஹு நூல்களில் இறந்த நிலத்தை உயிர்ப்பிக்கும் பாடத்தை நடத்தும்பொழுது, இக்காலத்தில் இவை எதற்கென்று மாணவர்கள் கேட்பதுண்டு. தரிசு நிலமும், கிணற்றைச் சுற்றிய எல்லையும், ஒட்டகம் தண்ணீர் குடிக்கும் இடமும் பேசப்படும் பக்கங்கள் அவை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு அப்பக்கங்களில் வெளிச்சம் இருக்கிறது.

எவருக்கும் உரியதாகாத, எவரும் பயன்படுத்தாத நிலத்திற்கு மவாத் என்று பெயர். உயிரற்றது என்பது பொருள். அதனைத் திருத்தி உயிர்ப்பித்தவனுக்கு அதில் உரிமை பிறக்கிறது. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பார் இமாம் அபூஹனீபா. வேண்டுவதில்லை என்பார் இமாம் ஷாபிஈ. ஆனால் ஊரை ஒட்டிக் கிடக்கும் வெற்றிடம் இவ்வகையில் அடங்காது. மந்தை நிற்கும் வெளி, விறகு பொறுக்கும் காடு, குப்பை கொட்டும் மேடு, நடந்து செல்லும் வழி ஆகியன, பார்வைக்கு வெறுமையாய்த் தோன்றினாலும், ஊராரின் வாழ்வோடு பிணைந்தவை. அவற்றிற்கு ஹரீம் என்று பெயர். அவற்றை வெளியார் வந்து திருத்தித் தமதாக்கிக்கொள்ளும் உரிமை இல்லை. ஊரார் அங்கு வாழ்கிறார்கள் என்பதே அவர்களின் உரிமைப் பத்திரம்.

ஓட்டம் நின்ற இரயில் தடத்தை நகரத்தின் வரைபடத்தில் பார்ப்பவனுக்கு அது மவாத். அதன் நிழலில் தலைமுறைகளாய் வாழ்ந்து, அதன் இரைச்சலைப் பொறுத்து, வேலி ஓட்டை வழியே ஏறி உலாவியவர்களுக்கு அது ஹரீம். சட்டத்தின் கண்ணில் தடம் இரயில் நிறுவனத்திற்கோ நகராட்சிக்கோ உரியதாக இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. தீர்ப்பு வழங்கவும் முன்வரவில்லை. ஆனால் அறத்தின் கண்ணில், ஒரு பொருளின் கேட்டைச் சுமந்தவருக்கு அதன் நலத்தில் முதற்பங்கு உண்டு. பிழை நேர்வது இங்கேதான்: ஹரீமை மவாத் என்று தவறாகப் படித்துவிடுகிறோம். உயிரற்றது என்று எண்ணி உயிரூட்டச் செல்கிறோம். அங்கு முன்பே உயிர் இருந்தது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமையையும் நினைத்துப் பார்க்கலாம். கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கை அயலாளுக்கு விற்றால், அதே விலைக்கு அதை வாங்கும் உரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அது பங்காளியோடு நிற்கிறது. ஹனபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் நீள்கிறது. விற்பவருக்கு விலையில் ஒரு காசும் குறைவதில்லை. ஆயினும் ஒரு விற்பனை, விற்பவரையும் வாங்குபவரையும் தாண்டி, அருகில் வாழ்பவரின் வாழ்வையும் தொடுகிறது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. மேலே சொன்ன முதியவளின் சிக்கலுக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. அவள் முழு விலையும் பெறட்டும். ஆனால் வாங்கும் முதல் வாய்ப்பு, வீட்டை இடிக்காமல் அயலாருக்கே குறைந்த வாடகைக்கு விடக்கூடிய பொது அமைப்பிற்கோ, குடியிருப்போரின் கூட்டுறவுக்கோ கிடைக்கட்டும். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், விலை எதனால் ஏறியது என்று திருப்பிக் கேட்போம். பொதுப் பணத்தைப் பெருமளவில் கொட்டியதால் ஏறியது. பொதுச் செயலால் விளைந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பொதுவுக்கே திரும்புவது எவருடைய உழைப்பையும் பறிப்பதாகாது.

காலத்தே செய்தல்

சிகாகோ நகர மன்றம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையன்று. 2020இல் பாதையின் மேற்குப் பகுதியை ஒட்டிய வீடுகளை இடிப்பதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. 2021இல் அப்பகுதியில் பல குடும்பங்கள் வாழும் வீட்டை ஒற்றைக் குடும்ப மாளிகையாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தியதோடு, வீட்டை இடிப்போர் 15,000 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. லோகன் ஸ்கொயரில் நகராட்சிக்குரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் எளியோர்க்கான 100 வீடுகள் எழுந்து 2022இல் குடியேற்றம் நடந்தது. இவை யாவும் நற்செயல்களே. ஆனால் ஆண்டுகளை உற்று நோக்குங்கள். பாதை திறந்தது 2015இல். விலை ஏறத் தொடங்கியது அதற்கும் முன்னர். தடை வந்தது 2020இல். நோயாளி எழுந்து போன பின் மருந்து வந்து சேர்ந்தது. பாதை போடும் செய்தியே விலையை ஏற்றிவிடுகிறது என்றால், அயலாரைக் காக்கும் ஏற்பாடு அச்செய்திக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவை நிறுவிய இருவருள் ஒருவரான இராபர்ட் ஹாமண்ட், பூங்காவை ஒட்டி அரசுக் குடியிருப்புகளில் வாழும் எளிய மக்களுக்கு உரியதைச் செய்யத் தாம் தவறிவிட்டதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார். வடிவமைப்பு எப்படி இருக்கலாம் என்று அம்மக்களிடம் கேட்டார்களாம். உங்களுக்கு எது தேவை என்று கேட்கவில்லையாம். உலகமே புகழும் ஒன்றைச் சமைத்த பின்னும் இவ்வாறு சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சிங்கப்பூரிலும் இத்தகைய பாதை உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் ஓடிய மலாயா இரயில் தடம், 2011 ஜூன் 30இல் கடைசி வண்டி சென்ற பின், மக்கள் நடக்கும் பசுமை வழியாகி வருகிறது. அங்கு மக்களில் ஐந்தில் நால்வர் அளவில் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் வீட்டைத் தாமே நீண்ட காலக் குத்தகையில் பெற்றவர்கள். ஆகவே பாதை வந்ததால் வாடகை ஏறி வெளியேறும் துயர் சிகாகோவில் எழுந்த வடிவில் அங்கு எழவில்லை. இதிலிருந்து நாம் அறிவது, குற்றம் பாதையின்மேல் இல்லை என்பதே. நிற்க உறுதியான இடமுள்ளவனுக்கு வீட்டு வாசலில் வரும் நன்மை நன்மையாகவே வருகிறது. நிற்குமிடமே நிலையற்றவனுக்கு அதே நன்மை வெள்ளமாய் வருகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். 606 பாதை நன்மையே. அதைப் போட்டது பிழையன்று. ஆனால் ஒரு நன்மையின் எல்லை, அது கட்டி முடிக்கப்பட்ட இடத்தோடு முடிவதில்லை. அதன் அயலார் அதை அனுபவிக்கும் வரை நீள்கிறது. அதுவரை செய்தவனின் பொறுப்பும் நீள்கிறது. வழியோரத்தில் அமர்வோர் வழிக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அவ்வுரிமைகளுள் ஒன்றாகவும் சொன்னார்கள். சற்று நேரம் அமர்பவனுக்கே இக்கடமை என்றால், வழியையே அமைப்பவனுக்கு எத்துணைப் பெரிய கடமை இருக்கும்!

நகராட்சியிலும், ஜமாஅத்திலும், அறக்கட்டளையிலும் பொறுப்பு வகிப்போர் நம் வாசகர்களிடையே உண்டு. எந்த நற்பணியின் வரைபடம் அவர்கள் முன் விரிக்கப்பட்டாலும், அதில் வெற்றிடம் என்று குறிக்கப்பட்ட பகுதியின் அருகில் யார் வாழ்கிறார்கள் என்று முதலில் கேட்கட்டும். பணி முடிந்து பத்தாண்டு சென்ற பின்னும் அவர்கள் அங்கேயே வாழ்வதற்கு இத்திட்டத்தில் என்ன ஏற்பாடு என்று அடுத்துக் கேட்கட்டும். இவ்விரு வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட பின்னர் முதற்கல்லை நாட்டுவார்களாக.